வெளியீட்டு மாளிகையும் சொர்ணத்தாயின் புஞ்சையும்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, பசுவந்தனைக்கு மேற்கே பூமிநாயகி வேளாண்மைக் கல்லூரியை நிறுவியது. இடையில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, எங்கள் கல்லூரியின் தொடக்ககால வரலாறு சொல்கிறது. அதை எழுதியவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

நான் அங்கே வெளியீட்டு அலுவலர். கல்லூரி தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வரலாறா என்று கேட்பவர்கள் உண்டு. நாள் கடந்து எழுதினால் நடந்ததையெல்லாம் எழுத வேண்டியிருக்கும் என்பது எங்கள் முதல்வர் முனைவர் பூவனலிங்கம் அவர்களின் தொலைநோக்கு.

நிலம் ஊர்க்காரர்கள் இனாமாகக் கொடுத்தது. கல்லூரி வந்தால் வெள்ளாமை பெருகும் என்று மைக்கில் சொன்னோம், நம்பினார்கள். சொர்ணத்தாய் என்ற விவசாயி தன் புஞ்சையில் சாலையோரத்துப் பாதியைத் தந்தார். பின்பாதிக்குப் போக வண்டிப்பாதை விட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. முதல்வர் மேடையிலேயே வாக்குக் கொடுத்தார். கைதட்டல் பலமாக இருந்தது என்று வரலாற்றில் பதிவு செய்திருக்கிறேன்.

பாடம் நடத்த ஆள் வருவதற்கு முன்பே வெளியீடுகள் வரத் தொடங்கிவிட்டன. முதல் வெளியீடு நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பு. இரண்டாவது, அடிக்கல் நாட்டு விழாப் படங்கள். மூன்றாவது, முதல் இரண்டையும் பாராட்டும் ‘திறனாய்வு’. நான்காவதில் பயிர் வந்தது. அட்டைப்படத்தில், முதல்வருக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக. வாங்க ஆள்தான் வரவில்லை. ஆகவே அவற்றைக் குவித்துவைக்க ஒரு கட்டடம் அவசியமாயிற்று.

கரிசலில் கட்டடம் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. கோடையில் மண் வெடிக்கும்போது சுவரும் சேர்ந்து வெடிக்கும். எங்கள் முதல் கட்டடத்து விரிசலில் மாணவர்கள் குடையைச் செருகி வைத்தார்கள். வளாகம் முழுவதும் தேடியதில், வண்டியும் டிராக்டரும் ஓடி ஓடி இறுகிப்போன ஒரே ஓர் இடம் அகப்பட்டது. அது சொர்ணத்தாயின் பாதை. அதன்மேல் ‘வெளியீட்டு மாளிகை’ எழுந்தது. லாரி வந்துபோக முன்னால் ஒரு ஷட்டர், பின்னால் ஒரு ஷட்டர். இரண்டு பக்கமும் கம்பிவேலி, வண்டி சுற்றிப் போக வழியில்லை.

புரட்டாசியில் சொர்ணத்தாய் முதல்வர் அறைக்கு வந்தார்.

“சார், மாசம் பாதி போயிட்டு. புழுதியிலயே விதைச்சாகணும். மழை விழுந்துட்டா கரிசல்ல டிராக்டர் இறங்காது. சுத்தி எல்லாரும் விதைச்சிட்டாவ, அவிய புஞ்சை வழியா விடச் சொல்லி எப்படிக் கேக்க?”

முதல்வர் நெகிழ்ந்துபோனார். “நீங்க சொல்லுதது அத்தனையும் சரிம்மா. இதையேதான் பதினாலாவது வெளியீட்டுல நாங்களும் சொல்லியிருக்கோம்” என்று, ‘மழைக்கு முன் விதைப்பீர்’ என்ற நூலைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

“இதை வச்சு என்ன செய்ய? பாதையில உங்க கட்டடம்லா நிக்கி.”

“நடந்து போய்க் கையால தூவிருங்களேன்.”

“தூவிட்டு வந்தா மயிலு பொறுக்கிட்டுப் போயிரும். டிராக்டர் ஓட்டி மூடணும்லா. இந்த உளுந்துதான் சார் எங்க வருசச் சாப்பாடு. இது இல்லன்னா நான் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலிக்குத்தான் போகணும்.”

உடனடியாக ‘அவசரக் கூட்டம்’ கூட்டப்பட்டது. உடனடியாக என்றால் அடுத்த வாரம். உழவியல் பேராசிரியர் பிரேமா எழுந்தார்.

“ரெண்டு ஷட்டரையும் தூக்கிட்டா டிராக்டர் உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிரும். புத்தகக் கட்டுகளை மட்டும் வெளிய எடுத்து வைக்கணும். ஒரு நாள் வேலை.”

“அருமை” என்றார் முதல்வர். “ஆனா வெளிய வச்ச நேரம் பாத்து மழை வந்துட்டா?”

“பதினாலாவது வெளியீடு நனைஞ்சிரும்” என்றேன்.

“அதுல என்ன போட்டிருக்கு?” என்று பிரேமா கேட்டார்.

“மழைக்கு முன்ன விதைக்கணும்னு.”

“அது நனைஞ்சு போச்சுன்னா, மழைக்கு முன்ன விதைக்கணும்னு விவசாயிக்கு யாரு சொல்லுவா?” என்றார் முதல்வர்.

கோரிக்கை ‘கொள்கை அளவில்’ ஏற்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து தை மாதம் ஷட்டரைத் திறப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அன்றைக்கு வடையும் நன்றாக அமைந்துவிட்டது.

மறுநாள் காலையில் டிராக்டரும் விதை மூட்டையுமாக ஷட்டர் முன்னால் நின்ற சொர்ணத்தாயிடம் இந்த நல்ல செய்தியை நானே போய்ச் சொன்னேன்.

“தையிலயா?” என்றார் அவர். “அண்ணாச்சி, தையில அறுக்கதுக்குலா போவாவ.”

டிராக்டர்க்கார இசக்கிராஜா சிரித்துவிட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டே போனான். படிப்பில்லாதவர்களுக்குத் தீர்மானங்களின் அருமை தெரிவதில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது. எத்தனையோ வருடமாகக் காணாத மழை. அளவாக, இடைவெளி விட்டு, கேட்டு வாங்கியது மாதிரி பெய்தது. கண்ணுக்கெட்டிய தூரம் உளுந்தும் சோளமும் முளைத்துப் பச்சை கட்டின. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு சதுரம். அது சொர்ணத்தாயின் புஞ்சை. மாளிகையின் மொட்டைமாடியில் நின்று அதைப் பார்த்த முதல்வருக்குப் புல்லரித்தது.

“என்ன ஒரு ஒப்பீட்டுத் திடல்” என்றார். “இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு ஊர் உலகத்துல ஏங்கிட்டுக் கிடக்காவ. நமக்குத் தானா அமைஞ்சிட்டு பாருங்க.”

பதினைந்தாவது வெளியீடு பிறந்தது: ‘விதைப்பைத் தவறவிட்ட புஞ்சை: ஓர் ஆய்வு’. கருத்தரங்கில் தங்கப்பதக்கம் வாங்கியது. வெளியீட்டு விழாவுக்குச் சொர்ணத்தாயை அழைத்திருந்தோம். தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி நேரே வந்தார். விரல்களில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருந்தது. சால்வை போர்த்தி முதல் பிரதியைக் கொடுத்தோம். அவர் அட்டைப்படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இது என் புஞ்சைலா?”

“ஆமாம்மா.”

“எதனால விதைக்கலன்னு போட்டிருக்கியளா?”

“போட்டிருக்கோம். ‘விவசாயியின் அலட்சியம்’னு.”

அவர் சால்வையை மடித்து என் மேசையில் வைத்தார். “வார புரட்டாசிக்காவது திறந்து விடுவியளா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அறிவியலுக்கு வெட்கம் கிடையாது. ஒரு பருவத்து முடிவை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. அதே திடலில் மூன்று பருவமாவது திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இது ஆய்வு விதி. பின்பக்க ஷட்டருக்குப் புதுப் பூட்டு வாங்கியாயிற்று.

இந்தப் பக்கத்தில் ஒரு புஞ்சை தரிசாகக் கிடக்க வேண்டுமானால் மழை தவற வேண்டும், அல்லது விதைக்க வக்கில்லாமல் போக வேண்டும். இந்த வருடம் மழை தவறவில்லை. சொர்ணத்தாய் வீட்டில் விதை மூட்டையும் இருந்தது. கூடவே நாங்களும் இருந்தோம்.