குறையில்லாத மாதிரி

உயிரே போனாலும் அந்த டப்பாவைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன். கட்டைவிரல் உயரம், சிவப்பு மூடி, பெயர் எழுத ஒரு வெள்ளைத் தாள். குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போகும் தம்பதிகளில் கணவன் கையில் கொடுக்கிற டப்பா. அதில் என்ன பிடித்துத் தரவேண்டும் என்று நான் விளக்கப் போவதில்லை. குடும்பத்தோடு படிக்கிறீர்கள்.

கல்யாணமாகி ஆறு வருடம். என் மனைவி தன் பங்குக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ரத்தம், ஸ்கேன், கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே வரைக்கும். எக்ஸ்ரே அன்று வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் வரவேற்பறையில் மீன் தொட்டியில் எத்தனை மீன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு.

"அடுத்தது நீங்கதாங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு? என்னைப் பார்த்தா குறை உள்ளவன் மாதிரியா இருக்கு?"

"பார்த்தா தெரியாதுங்க. அதனாலதான் மைக்ராஸ்கோப் வச்சிருக்காங்க."

"எங்க சித்தப்பாவுக்கு ஆறு பிள்ளைங்க, தெரியுமில்ல?"

"சித்தப்பா எனக்கு எதுக்குங்க?"

உண்மையைச் சொன்னால், பயம். நான் சைக்கிள் மணி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு நாளைக்கு எண்ணூறு மணிகளை அடித்துப் பார்த்து, சத்தம் சரியில்லாததைத் தூக்கிக் கூடையில் போடுவேன். யாரோ ஒருவர் என்னை அப்படித் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டால்? அதனால் நழுவினேன். ஒரு மாதம் வேலை அதிகம் என்றேன். மறுமாதம் முதுகுவலி. அதற்கடுத்த மாதம், எனக்கே வெட்கமாக இருக்கிறது, கிரகணம் என்றேன். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

அவள் சண்டை போடவில்லை. ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்கும் டெலிபோன் வேலை அவளுக்கு. ஃபிரிட்ஜைத் தலையில் போட வருகிறேன் என்று கத்துகிற ஆளையே, போனை வைப்பதற்குள் நன்றி சொல்ல வைத்துவிடுவாள். நானெல்லாம் எம்மாத்திரம்?

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொல்லிட்டார். குறை என்கிட்டதானாம்."

எனக்குள் அப்படியொரு நிம்மதி. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஆனால் அப்போது நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்று தோளைத் தட்டினேன். அன்று பாத்திரம்கூட நான்தான் கழுவினேன். பெருந்தன்மை என்று வந்துவிட்டால் எனக்கு அளவே கிடையாது.

இரண்டு நாள் கழித்து, மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தாள்.

"எனக்கு மருந்து தொடங்கணும்ங்க. அதுக்கு ஒண்ணு தேவைப்படுதாம். விடுங்க, நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"சொல்லு, சொல்லு."

"உங்க ஃபேக்டரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மணி இருக்குமே?"

இருக்கிறது. மாதிரி மணி. துளி பிசகு இல்லாதது. மற்ற மணிகளையெல்லாம் அதன் சத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுப்போம். அது இல்லாமல் எங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது.

"அதே மாதிரிதானாம். குறையில்லாத ஒண்ணைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் என் குறை எவ்வளவுன்னு தெரியுமாம்."

யோசித்தேன். தொழில்முறையில் நூற்றுக்கு நூறு சரி. டாக்டர் விஷயம் தெரிந்த ஆள்.

"நீங்க முடியாதுன்னா வேற யார்கிட்டயாவது கேட்கலாம்னார். எதிர்வீட்டு சாருக்கு மூணு பசங்க..."

"டப்பா எங்கே?" என்று எழுந்து நின்றேன்.

மறுநாள் காலை. படிவத்தை அவளே நிரப்பி வைத்திருந்தாள். டப்பா உடம்புச் சூட்டிலேயே இருக்கவேண்டும், நாற்பது நிமிடத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரவேண்டும். அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். எதிரே அதே எதிர்வீட்டுக்காரர். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர். பீரோவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தே! அந்தப் பக்கம் ஒரு கை குடு."

"அவசரமாப் போறேன் சார்."

"அஞ்சு நிமிஷம். ஆமா, கையை ஏன் இப்படி ஒட்ட வச்சிருக்கே?"

"சுளுக்கு."

"சுளுக்கா? காட்டு, உருவி விடறேன். ஒரே இழுப்புதான்!"

"வேண்டாம் சார்! சுளுக்கு எனக்குப் பிடிச்சிருக்கு!"

ஒற்றைக் கையால் பீரோவைத் தள்ளினேன். டப்பா விலா வரைக்கும் இறங்கியது. உடம்பை வளைத்து வளைத்து மேலே ஏற்றினேன். "சுளுக்கு இடம் மாறுதே!" என்று ஆச்சரியப்பட்டார் ஒலிபெருக்கி. பாய்ந்து படியில் இறங்கி, லேபை அடைந்தபோது முப்பத்தெட்டாவது நிமிடம்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்தாள். "டெஸ்டுக்கா சார்?"

"டெஸ்ட் இல்லம்மா. ஒப்பிட்டுப் பார்க்க. நான்தான் மாதிரி."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி சார். அந்த ட்ரேல வைங்க."

"மத்ததோட கலந்துடாதீங்க. கண்ணாடிப் பெட்டி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளே நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் போன்ற ஒருவரை நேரில் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்து ரிப்போர்ட்டை வாங்கி, லேப் படிக்கட்டிலேயே பிரித்தேன். எண்ணிக்கை: குறைவு. ஓட்டம்: மிகக் குறைவு. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, கூடையில் விழுந்த மணிகளை நினைத்து அழுகை வந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இது அவளுக்குத் தெரியவே கூடாது. ரிப்போர்ட்டைக் காலுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"டாக்டரே அசந்துட்டாராம்! மாதிரின்னா இதுதான் மாதிரின்னாராம்!"

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்க" என்றபடி சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு மாத்திரை.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க. படிவத்துல என் நம்பரைத்தான் எழுதியிருந்தேன். டாக்டர் காலையிலயே கூப்பிட்டுட்டார். ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு மாசம். கண்டிப்பா சரியாகிடும்னார்."

"அப்போ... உன் குறை?"

"என் ரிப்போர்ட் எல்லாம் போன வருஷமே நார்மல்னு வந்துடுச்சுங்க."

கோபப்படலாம் என்று நிமிர்ந்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, கடைசியில் இல்லாத பழியையும் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள், என்னை அந்த லேப் படி ஏற்றுவதற்காக. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஆனாலும் படித்த மனுஷன் ஒருவர் இதற்கு உடந்தையாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிற அந்தக் கதையெல்லாம் டாக்டரா சொல்லிக் குடுத்தார்?"

"சேச்சே. அது என் யோசனைதாங்க. இப்படிச் சொல்லப்போறேன்னு அவர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, 'இதையெல்லாம் நம்பற ஆள் உலகத்துல உண்டாம்மா?'ன்னு கேட்டார். 'நாளைக்குக் காலையில அனுப்பி வைக்கிறேன் டாக்டர்'னு சொல்லிட்டு வந்தேங்க."