சுவருக்குள் மாட்டிய கைபேசி பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். என் கைபேசியும் நலமே. அது இருக்கும் இடம்தான் சரியில்லை. நேற்று நீங்கள் ஏழு முறை அழைத்தும் நான் எடுக்காததைக் கோபம் என்று எண்ண வேண்டாம். ஏழு முறையும் காதில் விழுந்தது. ஆனால் அது மாடி அறைச் சுவருக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் எண்ணும் அதற்குள்ளேயே இருப்பதால் இந்தக் கடிதம்.

போன மாதம் வந்திருந்தபோது மாடி அறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "பூசாத பிளாக் சுவர் மாமா, சாஞ்சா சட்டையெல்லாம் மாவாகுது" என்றீர்கள். தனிவீடு பார்ப்பதா, எங்களோடு வந்து இருப்பதா என்று நீங்களும் மகளும் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். இருப்பது ஒரே மகள். ஒரு சுவருக்காக அவளை இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் விட எனக்கு மனமில்லை. ஆகவே அதன் மேல் ஜிப்சம் பலகை ஒட்டிவிடுவது என்று முடிவு செய்து கடைக்குப் போனேன். கடைக்காரர், "ஆள் வச்சு செய்யுங்க சார். தூசி தட்டி, பசையை உருண்டை உருண்டையா வச்சு, மட்டம் பார்த்து அழுத்தணும். அசந்தா இறுகிடும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவனுக்கு ஒரு சுவரை அளக்கத் தெரியாதா?

கட்டிலோரம் தாழ்வாக இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கான துளையை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, பலகையின் பின்பக்கத்தில் குறித்து அறுத்தேன். நிமிர்த்தினால் சுவிட்ச் இடப்பக்கம், துளை வலப்பக்கம். "தலைகீழா வச்சுப் பாருங்களேன்" என்றார் உங்கள் அத்தை. வைத்தேன். பக்கம் சரியாக வந்தது, துளை ஃபேன் உயரத்துக்குப் போய்விட்டது. உன் யோசனை என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்ல, அளந்தது யாராம் என்று அவர் கேட்க, கேட்டு முடிப்பதற்குள் குழைத்த பசை வாளியோடு கல்லாகிவிட்டது. மிச்சப் பலகைகளைப் பேச்சுவார்த்தை இல்லாமலே ஒட்டினோம். கையெல்லாம் பசையாக இருந்ததால் கைபேசியைச் சுவரில் உடைந்திருந்த பிளாக் ஒன்றின் பொந்தில் வைத்திருந்தேன். வைத்ததை உங்கள் அத்தை பார்த்தார். பார்த்தும் சொல்லவில்லை, நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லையே. பலகை இறுகியதும் தட்டிப் பார்த்து, "இடியே விழுந்தாலும் இனி அசையாது" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் முதல் அழைப்பு வந்தது. "எடுங்க, மாப்பிள்ளையாத்தான் இருக்கும்" என்றார் உங்கள் அத்தை. சண்டைக்குப் பிறகு அவர் முதன்முதலில் வாய் திறந்தது அதற்குத்தான்.

உடைத்து எடுக்கலாம். ஆனால் மாப்பிள்ளை, அறையிலேயே நேராக நிற்பது அந்த ஒரு பலகைதான். மற்றவை கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். ஆணி அடிக்க வேண்டாம், சாய்வதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி இளம் தம்பதிக்கு இதைவிடத் தோதான அறை எங்கும் கிடைக்காது என்று உறுதி கூறுகிறேன். வந்துவிடுங்கள். அவள் இல்லாத இந்த வீட்டில் நாங்கள் இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் பேச ஒரு ஆள் இல்லை.

இருவரும் நோய்நொடியின்றி, நல்ல கூரையின் கீழ் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வீடு திரும்பிவிட்டார். கடைக்கு என்று காலையில் கிளம்பியவர் இரண்டு பேருந்து மாறி உங்களிடம்தான் வந்திருக்கிறார். மாதக் கடைசியில் நீங்கள் இருவரும் இங்கே வரச் சம்மதித்துவிட்டீர்களாம்; கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கீழ் அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மாடி அறைக்கு நாங்கள் மாறிக்கொள்வதாக வாக்கும் கொடுத்துவிட்டாராம். ஆகவே அந்த அறையைப் பற்றி மேலே நான் எழுதியது எதையும் நம்ப வேண்டாம். அதில் மனுஷன் படுக்க முடியாது. நல்ல கொத்தனார் ஒருவரை இந்த வாரமே அனுப்பி வைக்கவும்.