உருளியில் கவிழ்த்த சாக்கே

ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருந்த ஜப்பான் கம்பெனிக்காரர் குரோகி அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், வெங்கிட்டு தன் கிண்ணத்தை ஆம்பல் மிதந்த உருளியில் கவிழ்த்தார். நிம்மதியாக நிமிர்ந்தால், குரோகி சிரித்தபடி அதை மறுபடி நிறைத்துக்கொண்டிருந்தார்.

"அது அவங்க ஊர் மரியாதை, சார்," என்றாள் மொழிபெயர்க்க வந்திருந்த ஸுப்ரியா. "கிண்ணம் காலியானா எதிர்ல இருக்கிறவர் ஊத்திடணும். வேண்டாம்னா நிறைஞ்சபடியே விட்டுடுங்க, ஒண்ணும் நினைக்க மாட்டார் கேட்டோ."

விடுவதாவது! வெங்கிட்டு அன்றுவரை சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் அவர் பார்த்துவந்த இஞ்சி குடோன் காபிக் கடையாகிவிட்டது. பழைய சாக்கு மூட்டைகளின் மேல் இப்போது வெளிநாட்டார் உட்கார்கிறார்கள். வெங்கிட்டுவுக்குத்தான் உட்கார இடமில்லை. இந்த நிலையில், சாக்கே என்ற ஜப்பான் அரிசி மதுவை இறக்குமதி செய்யும் கம்பெனி, குடோன் பொறுப்பாளர் வேலைக்கு அவரைத் தானாகவே கூப்பிட்டது. மனைவி கமலாக்ஷி நெய்விளக்கு ஏற்றினாள். நண்பர் ரமேஷ்பாபு எச்சரித்தார்:

"குடிக்க மாட்டேன்னு மட்டும் அங்கே வாயைத் திறக்காதேயும் ஓய்! மீன் கடையிலே சைவக்காரனை வேலைக்கு வைப்பாளோ?"

வெங்கிட்டு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எப்படி இருக்குன்னு கேக்கறார், சார்."

சில்லென்று இருந்தது. மணம் அன்னாசி, ருசி வேறு.

"அரிசி கழுவின ஜலம் காலேஜுக்குப் போயிட்டு வந்தாப்பல இருக்கு."

குரோகியின் புருவம் உயர்ந்தது. விஷயம் தெரிந்தவன் என்று மதிக்கிறார் என எடுத்துக்கொண்டார் வெங்கிட்டு.

அடுத்தது வெள்ளையாகக் கலங்கியிருந்தது. "பழங்கஞ்சி. உப்புப் போட மறந்துட்டா."

சுடவைத்தது வந்தது. "பேஷ்! மூக்கடைப்பு போயிடுத்து."

கடைசியில், வருஷக்கணக்காக ஊறிய தேன் நிறச் சாக்கே. ஒரு மடக்கில் வெங்கிட்டுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, தசமூலாரிஷ்டம்னா இது! கமலாக்ஷி பிரசவத்துக்கு வாங்கி வெச்ச அரிஷ்ட மருந்தை அலமாரியோட நான்தான் தீர்த்தேன்."

குரோகி கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். ஏதோ கேட்டார்.

"இந்தப் பழக்கம் தினமும் உண்டான்னு கேக்கறார்." ஸுப்ரியாவின் குரல் தாழ்ந்தது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க, சார்."

"தினமும்தான்." அது போதாதோ என்று அவருக்குத் தோன்றியது. "ராத்திரிக்கு ஒரு குப்பி. விசேஷ நாள்னா ரெண்டு."

குரோகி எழுந்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். வெங்கிட்டுவும் குனிந்தார். நிமிர்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஸுப்ரியா தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று.

ஓட்டல் படியில் அவள் கையைப் பற்றி இறங்கும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா மோளே, எப்படிக் குனிஞ்சார்! நான் எப்போ வேலைல சேரணும்?"

ஸுப்ரியா பெருமூச்சு விட்டாள்.

"முன்னாடி இருந்த ரெண்டு பேரும் குடோனையே குடிச்சுத் தீர்த்துட்டாங்க சார், அதான் மட்டாஞ்சேரியிலே துளி தொடாத ஆள் யாருன்னு விசாரிச்சோம், எல்லாரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க."