டேப்பு அண்ணனும் முறுக்குக் கம்பெனியும்

ஈப்போவிலேயே ஒரு சாமானை வைத்த இடத்தில் நிம்மதியாக இருக்க விடாத மனிதர் என்றால் அது டேப்பு அண்ணன்தான். சொந்தப் பெயர் ஐசி அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டேப்புதான்.

ஊருக்குள் புந்தோங் வட்டாரத்தில் நான் சூப்பர்வைசராக இருக்கும் முறுக்குக் கம்பெனிக்கு, ஏதோ எலக்ட்ரானிக் ஃபேக்டரியிலிருந்து முதலாளி அவரைப் பிடித்து வந்தார். "எடத்த மாத்தி அடுக்கினா ஒரு ஆள் கொறையும்" என்று முதலாளி எங்கள் காதுபடவே சொன்னார். அந்த ஆள் யார் என்று எவரும் கேட்கவில்லை. முட்டி வலியோடு தாங்கித் தாங்கி நடந்து முறுக்குக்குப் பதம் பார்க்கும் லெட்சுமி அக்காவைத்தான் எல்லோரும் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

மறுநாளே மஞ்சள் டேப்போடு ஆரம்பித்தார் டேப்பு அண்ணன். வாளியைச் சுற்றி ஒரு கட்டம், துடைப்பத்தைச் சுற்றி ஒரு கட்டம், மேசையில் என் கோப்பி கிளாசுக்கும் ஒரு கட்டம். கிளாஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் வந்து நிற்பார். வாசல் பூனைக்கும் ஒரு கட்டம் போட்டார். சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் லெட்சுமி அக்காவின் பின்னாலேயே சாக்பீஸோடு அலைந்து, அவர் நடந்த வழியெல்லாம் கோடு இழுத்தார்.

"ஏண்ணே என் பின்னாலயே வாரீங்க? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க லா?"

"நீங்க நடங்கக்கா. இதெல்லாம் வேஸ்ட்டு."

"எது, என் நடையா?"

"ஆமாக்கா. நடையே வேஸ்ட்டு."

அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய டேப்பை எடுத்து ஒளித்து வைத்தேன். பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார்.

பிறகு எண்ணெய்ச் சட்டியையும் பேக்கிங் மேசையையும் ஒட்டிப் போட்டார். நடை குறைந்தது, உண்மைதான். ஆனால் முறுக்கு ஆறாமல் சூட்டோடு பைக்குள் போய், வேர்த்து நமத்துப் போனது. முதலாளி ஒன்றைக் கடித்துப் பார்த்தார். அது உடையவில்லை, வளைந்தது.

"இது முறுக்கா, இடியாப்பமா?"

"ஆற விட எடம் போட மறந்துட்டேன் பாஸ்" என்றார் டேப்பு, கொஞ்சமும் கூச்சப்படாமல். மறுபடியும் எல்லாவற்றையும் நகர்த்தினோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு வழியாக வேலை சீராக ஓடியது. தீபாவளி ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துவிட்டோம். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சரி, இப்ப யாரக் கொறைக்கலாம்?"

டேப்பு லெட்சுமி அக்காவைக் கை காட்டினார்.

"பாஸ், பொரிச்ச சரக்கெல்லாம் அவங்க உக்காந்த எடத்துக்கே வந்துருது. பதம் பாத்து அனுப்புறது அக்காதான். அவங்கள எடுத்துட்டா வேல நின்னுரும். இனி அவங்க எந்திரிச்சு நடக்கவே வேணாம்."

"அப்ப யாரு லா?"

"எல்லாம் அடுக்கி முடிச்சாச்சு பாஸ். இங்க சும்மா நிக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ஆள் எப்போது தொலைவார் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அன்று சாயங்காலம் அவருடைய மோட்டார் சைக்கிள் வரைக்கும் கூடவே போனேன்.

"நாளைக்கும் வாங்கண்ணே" என்றேன். "நகத்துறதுக்கு ஏதாச்சும் இருக்கும்."