இரண்டு மாத்திரை

"ராத்திரி மாத்திரை போட்டீங்களா?"

"மறந்துட்டேங்க," என்றார் தச்சர், சிரித்த முகத்தோடு.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை உறையை வாங்கிப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு மாத்திரை. உறைமேல் 'இரவு 2' என்று தெளிவாக எழுதித்தான் கொடுத்திருந்தார். வெறும் எழுத்து மனதில் நிற்காது, பக்கத்தில் படமும் வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு சீட்டில் 'இரவு' என்று பெரிதாக எழுதி, அருகில் நிலா வரைந்தார்.

"எங்கே, சத்தமாப் படிங்க."

"நீங்க படிங்க, நான் கேட்டுக்கறேன்."

படித்துக் காட்டினார்.

மறுநாள் தச்சர் வந்தார். "நேத்து நிலாவே வரலீங்க. ஒரே மேகம்."

கடைக்காரர் 'உறங்கும் முன்' என்று எழுதி, கட்டில் படம் போட்டார். அடுத்த நாள் தச்சர் கையில் அளவு நாடா!

"ஒத்தைக் கட்டிலா, ரெட்டைக் கட்டிலா? தேக்குலயே செஞ்சிடலாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு 'உணவுக்குப் பின்' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு தட்டு, அதையொட்டி இரண்டு மாத்திரை.

"ரெண்டு முட்டையும் சாப்பிட்டாச்சு. அடுத்த சீட்டு?"

இப்படியே இரண்டு வாரம். வரிசையில் நின்ற இருமல்காரர் ஒருநாள் சண்டைக்கு வந்தார். "அவருக்கு மட்டும் படமா? நாங்க என்ன இளிச்சவாயங்களா?" அன்றிலிருந்து எல்லோருக்கும் படம். கடைக்காரருக்கு விரல் வீங்கியது. தன் கடை மருந்தையே எடுத்துத் தடவிக்கொண்டார்.

திடீரென்று மூன்று நாளாகத் தச்சரைக் காணோம்.

எந்தப் படத்தை எப்படிப் புரிந்துகொண்டு எதை விழுங்கித் தொலைத்தாரோ! கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கடைக்காரர் ஓட்டமும் நடையுமாகத் தச்சர் வீட்டுக்குப் போனார்.

பட்டறைச் சுவர் முழுக்கக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டுகள், வரிசையாக. தச்சர் முதுகைக் காட்டி நின்று, நிலாவின் பக்கத்தில் விரலை வைத்து, "இ... ர... வு," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா ஆளையே காணோமே! மாத்திரை போட மறந்து, உடம்புக்கு ஏதாவது...?" என்று மூச்சிரைத்தார் கடைக்காரர்.

தச்சரின் மனைவி முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"மாத்திரை எனக்குங்க, வேளாவேளைக்குப் போட்டுக்கறேன், அவரு உங்ககிட்ட எழுத்துப் படிக்கத்தானே வந்தாரு... உயிரெழுத்துல 'ஔ' ஒண்ணுதான் பாக்கியாம், அதுல ஆரம்பிக்கிற மாதிரி ஏதாவது வியாதி இருந்தா சொல்லுங்க, நாளைக்கே வரவெச்சுக்கறேன்!"