யட்சகான மேளத்தின் இணையதளம் என் வண்டிக்குக் கதவைச் சாத்தியது பற்றி

மேளத்து மேலாளர் ஸ்ரீ விட்டல ஹெக்டே அவர்களுக்கு, குந்தாபுரம் சருமுரி வண்டி குஷ்டப்ப தேவாடிகன் கும்பிட்டு எழுதுவது. நீங்களும், உங்கள் பாகவதரின் தொண்டையும், சர்க்கரை வியாதியை மறைத்து டீ குடிக்கும் அந்தச் செண்டைக்காரரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் வாத்தியார் இரக்கப்பட்டு. புரிந்த அளவில் சொல்கிறேன். உங்கள் மேளம் என்கிற கூத்துக் குழு தினம் ஓர் ஊரில் ஆட்டம் போடும். ஆட்டம் எங்கேயோ அங்கே சருமுரி என்கிற மசாலாப் பொரி விற்கும் என் வண்டி. முன்பெல்லாம் ஆள் ஆளாகப் போன் போட்டு ஊரைக் கேட்பேன். மணிபாலில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகள் பிரதிமா இந்த வருஷம் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். அது காலையில் ஏழு மேளத்து இணையதளங்களுக்கும் போய், இன்றைக்கு ஆட்டம் எங்கே என்று பார்த்து என் போனில் போடும். அந்த மிதப்பில் பழைய நம்பர்களை எல்லாம் நான் அழித்தும்விட்டேன். புரோகிராமும் அவளைப் போலவே மரியாதை தெரிந்த பிறவி. எந்தப் புரோகிராம் வரலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் ஒரு சீட்டு வைத்திருப்பார்களாம். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் இது உள்ளே காலெடுத்து வைக்கும். கூப்பிடாத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நான். எனக்கு வாய்த்தது இப்படி.

திங்கட்கிழமை முதல் உங்கள் மேளத்துக்கு நேரே மட்டும் "அனுமதி இல்லை" என்று வருகிறது. நேற்று நீங்கள் பைந்தூரில் ஆட, நான் ஊகத்தில் ஹெப்ரிக்கு வண்டியைக் கொண்டுபோய், கோயில் மாடும் நானுமாகப் பொரியைத் தின்று தீர்த்தோம். "பேரை மாத்திச் சொல்லிட்டு உள்ள போகச் சொல்லுடி" என்று பிரதிமாவிடம் கெஞ்சினேன்.

"அவங்க வேணாம்னா வேணாம்தான் மாமா. நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னு மொதல்ல யோசிங்க."

"ஒண்ணா ரெண்டா? எழுத நோட்டுல்ல வாங்கணும்" என்றாள் என் மனைவி ஜலஜா.

யோசித்தேன். மகிஷாசுரன் மேடைக்கு வந்த நேரம் பார்த்து "சருமுரி" என்று கூவி, ஜனத்தை என் பக்கம் திருப்பியது தப்பு. பாகவதர் இருமுவதை அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டியதும் நான்தான், நல்ல கைதட்டல். உங்கள் பொட்டலத்தில் மாங்காயைக் குறைத்தேன், நீங்கள் காசு கொடுப்பதில்லை என்பதால். தமயந்தியின் ஜடை காணாமல் ஆட்டம் அரைமணி தாமதமானதே, அது என் வண்டிக்கு அடியில் கிடந்தது. பாம்பு என்று நினைத்து அடித்துக் கிணற்றில் போட்டவன் நான்.

எல்லாவற்றுக்கும் மன்னிப்பு. மழை பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். அதற்குள் விற்றால்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. சீட்டில் என் பேரை அடித்துவிடுங்கள். உங்கள் ராஜாக்களுக்குக் கிரீடம் கழலாமலும் ராட்சசர்களுக்குக் குரல் கம்மாமலும் இருக்க வேண்டும்,

குஷ்டப்ப தேவாடிகன்

உறையின் மேல் எழுதுவது: ஒட்டி முடித்தபின் பிரதிமா கூப்பிட்டாள். நீங்கள் யாரையும் தடுக்கவில்லையாம். உங்கள் தளமே மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறதாம். வாசலில் சீட்டைக் கேட்டுப் பதிலே வராவிட்டால், வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடு என்று புரோகிராமுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆகவே தளத்தைச் சீக்கிரம் எழுப்பவும். உள்ளே இருப்பது வெறும் நலம் விசாரிப்பு. பிரிக்காமல் அடுப்பில் போடவும். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, இல்லாவிட்டால் நானே போட்டிருப்பேன்.