புட்டு மட்டும் சரியான இடத்தில் இறங்கியது

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். ஒஸ்லோவில் எங்கள் வீடு இருக்கும் ரொம்மனில் இறங்குவதற்கு, மெட்ரோவில் இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவடியில் நிற்கிற ஆள் நான். பக்கத்தில் இருக்கும் நோர்வேஜியர்கள் கதவு திறந்த பிறகுதான் போனிலிருந்து தலையையே நிமிர்த்துவார்கள். எங்கடை ஆட்களுக்கு அந்தத் துணிவு வராது. ரயில் எங்களை இறக்காமல் கொண்டுபோய்விடும் என்ற பயம் இரத்தத்தில் இருக்கிறது. (எனக்கு அது கொஞ்சம் கூடக் கலந்துவிட்டது.)

இது நடந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. நானும் சர்மிலாவும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்து, ஒன்றரை வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். அவள் சுவிஸ், நான் ஒஸ்லோ. அவளுடைய அப்பாவுக்கு என்னைப் பற்றிக் கிடைத்திருந்த தகவல் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வருடத்தில் மூன்று வேலை மாறியவன்.

"ஓரிடத்திலை நிண்டு பிடியாத பெடியனுக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது? நான் நேரை போய்ப் பார்க்கிறன்" என்று சொல்லி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கிள் வந்து இறங்கிவிட்டார். மூன்று நாள். அதற்குள் ஓமா இல்லையா என்று முடிவு.

நிதானமுள்ளவன் என்ன செய்வான்? வீட்டில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதலாகக் கதைப்பான். நான் சுற்றுலா ஏற்பாடு செய்தேன். முதல் நாளே கோட்டை, சிலைப் பூங்கா, பனிச்சறுக்குக் கோபுரம் என்று எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாகக் காட்டி முடித்தேன். சர்மிலாவின் அம்மா, அன்ரிக்குக் கால் வீங்கிவிட்டது. அங்கிள் எதற்கும் அசையவில்லை. கடலைக் காட்டினால், "எங்கடை சுவிஸிலை ஏரி இதைவிடத் துப்புரவு" என்றார். கோபுரத்தைக் காட்டினால், "எங்கடை சுவிஸிலை இந்த உயரத்திலை மாடு மேயும்" என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சுவிஸ்காரருக்கே மலை காட்டுகிறேன் பார் என்று, மறுநாள் காலை மேற்கே மலைக்குப் போகும் ரயிலில் நான்கு இடம் போட்டேன். (நுவரெலியாக்காரனுக்குத் தேயிலை காட்டப் புறப்பட்ட புத்தி.) அம்மா விடிய எழும்பி புட்டும் முட்டைப் பொரியலும் சம்பலும் கட்டித் தந்தார்.

பனியாற்றுக்கு எதிரே ஹோட்டலும் கோப்பிக் கடையும் உள்ள ஒரு மலை ஸ்டேஷனில் நாங்கள் இறங்க வேண்டும். அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கத் தொடங்கியது. "எழும்புங்கோ, எழும்புங்கோ!" என்று எல்லோரையும் கிளப்பி, ஜாக்கெட் போடவைத்து, பைகளோடு கதவடியில் வரிசையாக நிறுத்தினேன். ரயில் நின்றது.

சர்மிலா வெளியே பெயர்ப்பலகையைப் பார்த்தாள். "பேர் வேறை மாதிரிக் கிடக்கே?"

"நோர்வேயிலை ஒரு ஊருக்கு ரெண்டு பேர் இருக்கும். இறங்கும், கெதியா!"

இறங்கினோம். ரயில் போய்விட்டது. சத்தம் அடங்கிய பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த ஒரு மரக் கொட்டில். உட்கார ஒரு வாங்கு. மற்றதெல்லாம் கல்லும் மலையும். ஹோட்டலுமில்லை, கோப்பியுமில்லை. ஒரேயொரு செம்மறியாடு எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேயப் போனது. அட்டவணையைப் பார்த்தேன். அடுத்த ரயில் நான்கு மணித்தியாலம் கழித்து.

அன்ரி மெல்லக் கேட்டார்: "தம்பி, புட்டுப் பை எங்கை?"

ஐயோ! அவசரத்தில் அதை மேல்தட்டிலேயே விட்டிருந்தேன். புட்டு மட்டும் சரியான ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்ரியின் கைப்பையில், பயணத்தில் சத்தி வராமல் மணந்து பார்க்கக் கொண்டுவந்த ஒரு எலுமிச்சை, எங்கடை தேசிக்காய், இருந்தது. நாலு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு அதுதான்.

நான் மேடையில் நடக்கத் தொடங்கினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூற்று நாற்பத்திரண்டு அடி. எண்பது தடவைக்கு மேல் நடந்திருப்பேன். நடுவில் போனைப் பார்ப்பேன், அட்டவணையைப் பார்ப்பேன் (மாறியிருக்காதா என்று), கொட்டில் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போச்சு, எல்லாம் போச்சு என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சர்மிலா என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிள் வாங்கில் கால் நீட்டி இருந்துகொண்டு எதிரே மலையைப் பார்த்தபடி இருந்தார்.

கடைசியில் தாங்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றேன். "அங்கிள், நான் பிழையான ஸ்டேஷனிலை இறக்கிப்போட்டன். ஊருக்கு ரெண்டு பேர் எண்டு சொன்னதும் பொய்."

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் இறங்கினனீங்கள்?"

"நீர் கத்தின கத்துக்கு, ரயில் எரியுதாக்கும் எண்டு நினைச்சன்."

அன்ரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கிள் வாங்கில் தன் பக்கத்தைத் தட்டினார். "இரும்."

இருந்தேன். என் முழங்கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"சுவிஸிலை மலை ஹோட்டல் ஒண்டிலை இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தனான். குசினி, கழுவிற வேலை. உலகத்திலை இருக்கிற சனமெல்லாம் அங்கை வந்து மலையைப் பார்த்தவை. நான் அவையின்ரை கோப்பையைப் பார்த்தனான். இப்பிடி ஒரு மலைக்கு முன்னாலை சும்மா இருக்கிறது இண்டைக்குத்தான்."

நானும் அந்த மலையைப் பார்த்தேன். பிறகு அவரே சொன்னார்: "இருந்தாலும் எங்கடை சுவிஸ் மலை இதைவிட உயரம்."

நான்கு மணித்தியாலத்தில் கடைசி ஒன்றரையை அந்த வாங்கில் இருந்தே கழித்தேன். என் வாழ்நாள் சாதனை அது. தூரத்தில் ரயில் தெரிந்ததுதான் தாமதம், இரண்டு பைகளோடு துள்ளி எழுந்தேன்.

"இரும் மருமோன், அது இன்னும் நிக்கேல்லை" என்றார் அங்கிள்.

மருமோன்! பைகள் கையிலிருந்து விழுந்தன. சர்மிலா அன்று முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சரியான ஸ்டேஷனில் போய் இறங்கினால், ரயிலில் டிக்கெட் பார்ப்பவர் இறக்கிக் கொடுத்திருந்த புட்டுப் பை கோப்பிக் கடை மேசையில் எங்களுக்காகக் காத்திருந்தது. குளிர்ந்து கல்லாகிப்போன புட்டை நாலு பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் கலியாணம். நாதஸ்வரம் கொஞ்சம் வேகம் பிடித்ததும், தாலி கட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மணவறையில் எழுந்து நின்றுவிட்டேன். ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி என்னை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அங்கிள், இப்போது மாமா, என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"இரும் மருமோன். இது எங்கடை ஸ்டேஷன் இல்லை."

ஒலிவாங்கி ஐயருக்கு முன்னால் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. எங்கள் கலியாண வீடியோவில் தாலி கட்டும் இடம் இன்றைக்கும் ஒழுங்காகத் தெரியாது. வீடியோக்காரருக்கு அதுவரை சிரிப்பு அடங்கவில்லை, படம் முழுக்க ஆடுகிறது.